ஜெபராணி தொலைத்த ஊக்கு

ஜெபராணி சேலை கட்டினால் தோளில் ஊக்கு குத்த மாட்டாள். ஊசியில் நூல் கோத்து, முந்தானை மடிப்பை ரவிக்கையோடு சேர்த்து நாலு தையல் போட்டுக்கொள்வாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கத்தரியால் வெட்டிவிடுவாள். மற்ற பெண்களெல்லாம் அவசரத்துக்கு உதவும் என்று தாலிச் சங்கிலியில் ரெண்டு மூணு ஊக்கு கோத்து வைத்திருப்பார்களே, அதுவும் அவளிடம் கிடையாது. சிலுவை போட்ட தாலி மட்டும் தனியாகத் தொங்கும். மாதனூரில் அவள் தெருப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பைத்தியம் என்றார்கள், ஆறு வருஷத்தில் பழகிக்கொண்டார்கள். அவள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு காந்தம் இருந்தது.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே, ஒரு தனியார் கல்லூரி. அதன் வேதியியல் துறையில் 1998 ஆகஸ்டில் என்.எம்.ஆர். என்கிற மெஷின் வந்து இறங்கியது. ஆளுயரப் பால் கேன் ஒன்றுக்கு மூன்று கால் வைத்தாற்போல இருக்கும். மருந்தோ தோல் பதப்படுத்துகிற ரசாயனமோ ஒரு சிட்டிகை கரைத்துக் கண்ணாடிக் குழாயில் இறக்கினால், எந்த அணு எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கோடு கோடாகக் காகிதத்தில் போட்டுக் கொடுத்துவிடும். கேனுக்குள் திரவ ஹீலியம். ஹீலியத்துக்குள் கம்பிச் சுருள். அந்தச் சுருளில் ஒரு தடவை மின்சாரத்தை ஏற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், வருஷக் கணக்கில். ஸ்விட்சை அணைத்தாலும் சரி, ஊரே இருட்டானாலும் சரி, காந்தம் காந்தமாகவே நிற்கும்.

இது கல்லூரி எலக்ட்ரீஷியன் ரஃபி அகமதுக்குத் தெரியாது. அவர் ஜாக்கிரதையான மனிதர். ஏசி வயரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மெஷின் ஓடும்போது போனால் ஆபத்து என்று காத்திருந்து, அக்டோபரில் ஒரு நாள் கரண்ட் போனதும் கட்டிங் பிளேயரோடு உள்ளே நுழைந்தார். பிளேயர் கையை உதறிக்கொண்டு பறந்து போய் மெஷினின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டது. ரெண்டு காலையும் ஊன்றி இழுத்தும் வரவில்லை. "கரண்ட்டே இல்லியே சார், கரண்ட்டே இல்லியே" என்று மூன்று நாள் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், பாவம். பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் மரக்கட்டையும் நைலான் கயிறும் வைத்து அதைப் பெயர்த்தெடுத்தார். "நடுவுல ஒரு ஆள் நின்னிருந்தா பிளேயர் சுத்திக்கிட்டுப் போவாது. வாசல்ல யாரையாச்சும் உக்கார வைங்க. இல்லேன்னா என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் உட்கார ஆள் தேவை என்று விளம்பரம் போட்டார்கள். பதினொரு பேர் வந்தார்கள். துறைத் தலைவர் பஞ்சாட்சரம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "சின்னதா ஒரு ஊசி காணாமப் போயிடுச்சு. என்ன பண்ணுவீங்க?" ஒருவர் புதுசு வாங்குவேன் என்றார். ஒருவர் தங்களிடம் தெரிவிப்பேன் ஐயா என்றார். ஜெபராணி, "கிடைக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போவ மாட்டாங்க சார்" என்றாள்.

"யாரும்னா?"

"நீங்களுந்தான் சார்."

அன்றைக்கே வேலை கிடைத்தது.

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் ஒரு ஷூ கம்பெனியின் ஊசி ரூமில் இருந்தவள். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த ஊசியை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளை ஒன்று சேர்த்து, நீளம் சரிதானா என்று பார்த்து, நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், பெயர், பொறுப்பு எல்லாம் எழுத வேண்டும். கடுகளவு குறைந்தாலும் லைன் நிற்கும். அன்றைக்குத் தைத்த அத்தனை ஷூவும் டிடெக்டரில் ஏறி இறங்கும். எங்கேயோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் காலில் அது குத்திவிடக் கூடாது என்பதற்காக மாதனூரில் அறுநூறு பேர் பஸ்ஸைத் தவறவிடுவார்கள்.

ஊசி ரூமில் சேர்ந்த புதிதில் ஹேமலதா என்று ஒரு பெண் ஊசியை உடைத்துவிட்டு, அந்த வாரத்தில் அது மூன்றாவது என்பதால் பயந்து, துண்டை ஒளித்துவிட்டாள். ஜெபராணி லைனுக்கு நடுவில் நின்று, "எங்கடி வெச்ச?" என்று கத்தினாள். தெரியாது என்று ஹேமலதா சாதித்தாள். அழுதாள். ஆனால் கேட்ட அந்த நொடியில் அவள் கை தன்னையறியாமல் இடுப்புச் செருகலைத் தொட்டுவிட்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் அங்கேயிருந்து துண்டை எடுத்தார்கள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஹேமலதா ஏறவில்லை. அதற்கப்புறம் ஏறவே இல்லை. ஊசி ஒளிக்கிறவள் கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை, பயந்தவளாக இருந்தாலே போதும் என்பது அப்போது உறைத்து என்ன பிரயோஜனம்? ஜெபராணிக்கு அது நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவள் யாரையும் நாலு பேர் முன்னால் கேட்டதில்லை. தனியாகக் கூப்பிட்டு, "நாந்தான் எண்ணிக்கையில கோட்டை விட்டுட்டேன் போல, வா ரெண்டு பேருமா தேடலாம்" என்பாள். துண்டு பத்து நிமிஷத்தில் எங்கேயாவது கிடைத்துவிடும். வாய் இப்படி ஆயிரம் சொல்லலாம். நோட்டில் மட்டும் நடந்ததைத் தவிர ஒரு எழுத்து ஏறக் கூடாது. இதில் அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

அந்த நோட்டு வழக்கம் அவளோடு கல்லூரிக்கும் வந்தது. மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. அதற்கு வெளியே கதவோரம் ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு நீள நோட்டு, ஆறு கேள்விகள் கொண்ட ஒரு தாள். சாவிக்கொத்து, கடிகாரம், பெல்ட், ஹேர்பின், சனி பிடிக்காமலிருக்கப் போட்ட இரும்பு மோதிரம் எல்லாம் தட்டில் விழும், நோட்டில் ஏறும். ஷூவைப் பார்த்த மாத்திரத்தில் அடியில் இரும்புத் தகடு வைத்துத் தைத்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சண்டை வேண்டாம் என்று எல்லாரையுமே கழற்றச் சொன்னாள். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த பெற்றோர் சிலர் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு. அவள் தடுக்கவில்லை. அதில் இரும்பு எதுவும் இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க வந்த மாணவிகளிடம் மட்டும் எவர்சில்வர் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வாழை இலையில் எடுத்துப் போகச் சொன்னாள்.

திட்டாதவர்கள் இல்லை. "ஜெயில் வார்டன்" என்று அவளுக்குப் பட்டப்பெயர். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு குண்டூசிகூட மஞ்சள் கோட்டைத் தாண்டவில்லை. பஞ்சாட்சரம் வெளியூர்க் கூட்டங்களில்கூட இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். அவர் நல்ல மனிதர். ஒரே குறை, வாயில் எதுவும் தங்காது. காலையில் காதில் போட்டதை மத்தியானம் வகுப்பில் உதாரணமாகச் சொல்லிவிடுவார்.

2005 பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை, அப்துல் சமத் வந்தார். பேரணாம்பட்டில் தோல் பதப்படுத்துகிற ஷாப் வைத்திருப்பவர், எழுபது வயது. அந்த ஆய்வகக் கட்டடத்துக்குக் கொடை கொடுத்தவர் அவர்தான். கட்டடத்துக்கு அவருடைய தகப்பனார் பெயரை வைக்கிற விழா. கல்வெட்டைத் திறந்துவிட்டு, மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் சாப்பாடு என்று ஏற்பாடு. கூடவே மனைவி சுகரா பேகம், கல்லூரித் தாளாளர், பஞ்சாட்சரம், பின்னால் ஒரு பத்து பேர். போட்டோகிராபரை ஜெபராணி ஏற்கெனவே கேமரா ஸ்டாண்டோடு வராந்தாவிலேயே நிறுத்திவிட்டிருந்தாள்.

சுகரா பேகம் முதலில் மேஜைக்கு வந்தார். முக்காட்டிலிருந்து ஒவ்வொன்றாக ஆறு ஊக்கைக் கழற்றித் தட்டில் வைத்தார். நிமிர்ந்தவர் கண் ஜெபராணியின் தோளில் நின்றது.

"இன்னாம்மா இது, தெச்சு வெச்சிருக்கே?"

"இங்க ஊக்கு ஆவாதுங்கம்மா. அதான் வீட்லேர்ந்தே தெச்சுக்கிட்டு வந்துடுவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தாங்க."

பேகம் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல தெயல்" என்றார்.

அடுத்தது சமத். அது எல்லோரும் செல்போனை இடது பக்கச் சட்டைப் பையில் வைத்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்த காலம். அவர் வலது பக்க ஜிப்பா பைக்குள்ளிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். ஜெபராணி கேள்வித் தாளை எடுத்தாள். பிரின்சிபாலாக இருந்தாலும் பியூனாக இருந்தாலும் ஆறு கேள்வியையும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவாள்.

"நெஞ்சுக்குள்ள, இதயம் ஒழுங்கா துடிக்கிறதுக்கு, மெஷின் ஏதாச்சும் வெச்சிருக்குதுங்களா ஐயா?"

"சேச்சே! நான் இன்னா கடியாரமா, சாவி குடுத்து ஓட?"

எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர் மற்றவர்களைவிட ஜாஸ்தியாகச் சிரித்தார். ஜெபராணி சிரிக்கவில்லை. கேள்வி முடிந்த அந்த நொடியில் சமத்தின் வலது கை எழுந்து, இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டுவிட்டு, தாடியை நீவுகிற மாதிரி கீழே இறங்கியது.

இடுப்புச் செருகலைத் தொட்ட ஹேமலதாவின் கை அவள் கண் முன்னால் வந்தது. இதயக் கருவி வைத்தவர்களைச் செல்போனை அந்தப் பக்கம் வைக்க விடமாட்டார்கள் என்று சர்வீஸ் இன்ஜினியர் என்றைக்கோ சொன்னதும் வந்தது. கோட்டைத் தாண்டினால் காந்தம் அந்தக் கருவியைக் குழப்பிவிடும். துடிப்பு தாறுமாறானால் எழுபது வயது மனிதர் அங்கேயே விழலாம். பஞ்சாட்சரத்தின் காதில் சொல்லலாமா? "என்னது, சமத் சாருக்கு பேஸ்மேக்கரா?" என்று அவர் வராந்தா வரைக்கும் காதில் விழுகிற மாதிரி கேட்பார். மனைவி பக்கத்தில் நிற்கிறார். நாலு பேர் முன்னால் ஒருவரின் மடியை அவிழ்த்துப் பார்த்த பாவம் ஒரு தடவை பட்டதே போதாதா?

சமத்தின் கால் மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஜெபராணி எழுந்து குறுக்கே போய்க் கையை நீட்டி நின்றாள்.

"யாரும் உள்ள போவாதீங்க. என் ஊக்கு ஒண்ணு உள்ள விழுந்துடுச்சு."

பஞ்சாட்சரம் ஓரடி முன்னால் வந்தார். "உங்க ஊக்கா? எப்போ? எங்கே?"

"காலையில துடைக்கும்போது விழுந்திருக்கும் சார். எங்கேன்னு தெரியலை."

"ஊக்குதானே, போனாப் போவுது. நவுருமா" என்றார் தாளாளர்.

"கிடைக்கிற வரைக்கும் ரூமை மூடணும் சார். ரூல் அது."

"நோட்டுல எழுதியிருக்கா?" என்று கேட்டார் பஞ்சாட்சரம். அவர் ஜெபராணியின் வாயை நம்பாவிட்டாலும் நோட்டை நம்புகிறவர்.

அவள் மேஜைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். பதினைந்து வருஷத்தில் இரண்டு இடத்திலுமாகச் சேர்த்து இருபத்தேழு நோட்டு எழுதி முடித்தவள். பேனாவை ரெண்டு தடவை உதறினாள். தேதி. பொருள்: ஊக்கு ஒன்று. இடம்: மஞ்சள் கோட்டுக்கு உள்ளே. கிடைத்ததா: இல்லை. பொறுப்பு: ஜெபராணி. எழுதிவிட்டுத் திருப்பிக் காட்டினாள். பேனா தயங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். தப்புப் பண்ணினவள் தயங்கத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"பரவால்ல, பரவால்ல, மெஷின் எங்க போயிடப் போவுது" என்றார் சமத். அவர் குரலில் ஏமாற்றத்தைவிட வேறேதோ இருந்தது. சுகரா பேகம் தன் ஆறு ஊக்கையும் எடுத்துக்கொண்டு, ஜெபராணியின் தோளை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு மிச்சமிருந்ததில் மட்டன் பிரியாணி மட்டும் திட்டமிட்டபடி நடந்தது.

சாயந்திரத்துக்குள் தாளாளரிடமிருந்து மெமோ வந்துவிட்டது. வீட்டில் ஜெபராணியின் புருஷன் ஏசுராஜ் அதை ரெண்டு தடவை படித்தார். ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். நிதானமான ஆள்.

"ஊக்கு தொலைச்சியா?"

"ஆமா."

"உங்கிட்டதான் ஊக்கே இல்லியேடி. ஆறு வருஷமா எனக்கு முள்ளு எடுக்கக்கூட ஒண்ணு கிடைக்கலை இந்த வூட்ல."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்புடுங்க."

"யாருக்காவ?"

அவள் ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். ஏசுராஜ் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "சரி. வேலை போச்சுன்னா மறுபடி கம்பெனிக்கு வா. என் பஸ்ல முன் சீட்டு காலியாத்தான் இருக்குது" என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பஞ்சாட்சரம் தேடினார். மூங்கில் குச்சியில் சின்னக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் டார்ச்சோடு, மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேடினார். ஐம்பத்தாறு வயது, முதுகுவலி வேறு. அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும் ஜெபராணி, மனசு விட்டுடாதீங்க" என்றார். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. வராந்தாவில் மாணவிகள், "எங்க ஊக்கையெல்லாம் புடுங்குனாங்களே, இப்ப இன்னா ஆச்சாம்?" என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

ஊர்ப்பட்ட கடையில் ஊக்கு விற்கிறது. ஒன்றை வாங்கி மேஜைக்கு அடியில் போட்டு, "கிடைச்சிடுச்சு சார்" என்றால் கதை முடிந்தது. சனிக்கிழமை சாயந்திரம் ஒரு வளையல் கடை வாசல் வரைக்கும் போய்விட்டாள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதும் ரெண்டு கஜம் ரிப்பன் வாங்கிக்கொண்டு திரும்பினாள். வீட்டில் ரிப்பன் கட்டுகிற வயதில் யாரும் இல்லை. பொய்யை எழுதியாகிவிட்டது, அதற்குச் சாட்சி வேறு தயாரிக்க வேண்டுமா என்று தோன்றியது. இன்னொன்றும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை கிழவருக்கு நெஞ்சில் வெறும் அரிப்பாக இருந்திருந்தால்?

திங்கட்கிழமை சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். ஊக்கு நடுக்குழாய்க்குள் போயிருந்தால் காந்தத்தை இறக்கிக் குளிரைக் கலைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும், திரும்ப ஏற்ற மாசக் கணக்காகும் என்றார். ஆராய்ச்சி மாணவர்கள் ஒன்பது பேரின் மாதிரிகள் வரிசையில் காத்திருந்தன. தாளாளரும் வந்து நின்றார். இன்ஜினியர் வாசலில் கருவிப் பெட்டியைத் திறக்கும்போது ஜெபராணி வாயைத் திறந்தாள்.

"எதையும் கழட்டாதீங்க. உள்ள ஊக்கு இல்லை. நான் பொய் எழுதிட்டேன்."

இன்ஜினியர் பெட்டியை மூடினார்.

"இன்னாத்துக்கு?" என்றார் தாளாளர்.

"சொல்ல முடியாது சார்."

"சொல்ல முடியாதா? அவ்ளோ பெரிய மனுஷனை வாசல்ல நிக்க வெச்சு அவமானப்படுத்திட்டு, சொல்ல முடியாதா? சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பும்மா."

பஞ்சாட்சரம் குச்சியில் கட்டிய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார். ஜெபராணி மேஜை இழுப்பறையைப் பூட்டினாள், சாவியை எடுத்தாள், தட்டைத் துடைத்தாள். வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

சுகரா பேகம் முன்னால் வந்தார். சமத் பின்னால் வந்தார். ரெண்டு பேரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். சமத் தொண்டையைச் செருமினார்.

"புரொபசர் சாப், தேடாதீங்க. அந்தம்மா தேடுன ஊக்கு என்கிட்ட இருக்குது." இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே கையை வைத்தார். இந்தத் தடவை கை அங்கேயே இருந்தது. "இங்க. போன வருஷம் மெட்ராஸ்ல வெச்சது. தோல் கண்காட்சின்னு சொல்லிட்டுப் போயி, ஆஸ்பத்திரியில பத்து நாள் படுத்துட்டு, வரும்போது கண்காட்சிப் பை ஒண்ணு வாங்கியாந்தேன். வூட்ல சொன்னா ஷாப்புக்குப் போவ விடமாட்டாங்கன்னு பயந்துட்டேன். இவங்க கேட்டப்போ பொய் சொன்னது நானு."

தாளாளர் சுகரா பேகத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் பேகம். "நாப்பத்தஞ்சு வருஷமா பக்கத்துல படுக்குறேன், தீப்பெட்டி அளவுக்கு நெஞ்சு பொடைச்சுக்கினு இருந்தா தெரியாதா? அவரா சொல்லட்டும்னு இருந்தேன். ஆனா காந்தத்துக்கும் அதுக்கும் ஆவாதுன்னு தெரியாது. வூட்டுக்குப் போயி ரோசனை பண்ணேன். தோள்ல தெயல் போட்டுக்கினு வர்ற பொம்பளை கிட்ட ஊக்கு ஏது, தொலைக்க? அப்போ இன்னாத்துக்கு மறிச்சா? நேத்து டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன்." ஜெபராணியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் கண்ணெதிர்ல நடந்துபோயிருப்பாரும்மா. நானே போட்டோவுக்குத் தள்ளிவிட்டிருப்பேன்."

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார் தாளாளர். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஜெபராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திரும்பத் திறந்தாள். நோட்டை எடுத்தாள். புதன்கிழமை வரியை அடிக்கவில்லை. ஆறு வருஷத்து நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதற்குக் கீழே எழுதினாள்: மேற்படி வரி பொய். ஊக்கு இல்லை. இதயக் கருவி ஒன்று. இடம்: இடது மார்பு. கிடைத்த தேதி: இன்று.

"துண்டை ஒட்டணுங்கய்யா" என்றாள்.

"இன்னாத்தை ஒட்டுறது?" என்றார் சமத், மார்பைப் பிடித்தபடி.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையைப் பர்ஸிலிருந்து எடுத்தார். பத்து மாதமாக ரேஷன் கார்டு நகலுக்குள் மடித்து ஒளித்து வைத்திருந்தது. பஞ்சாட்சரம் ஓடிப்போய் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். ஜெபராணி அதை அளவாக வெட்டி, ஊசித் துண்டு ஒட்டுகிற இடத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினாள். மிச்சம் ஒரு கட்டம் இருந்தது. பொறுப்பு. பழக்க தோஷத்தில் தன் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள்.

சுகரா பேகம் பேனாவை வாங்கிக்கொண்டார். "இதுக்கு இனிமே நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, குனிந்து, வலமிருந்து இடமாக உருதுவில் எழுதினார். நிதானமாக எழுதினார்.

ஜெபராணிக்கு உருது தெரியாது. தெரியாததை நோட்டில் விட அவளுக்கு மனசு வரவில்லை. நோட்டைச் சமத் பக்கம் திருப்பி, "இன்னா எழுதியிருக்காங்க, படிங்கய்யா" என்றாள்.

சமத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா முனையால் துடைத்தார்.

"பேருதாம்மா" என்றார். "பேரு மட்டும் இல்லை, இவர் நெஞ்சுக்கு நான் பொறுப்புன்னும் போட்டிருக்கா. ஆனா சரியாத்தான் எழுதியிருக்கா."

ஜெபராணி பக்கத்தில் நேரம் போட்டாள், பதினொன்று நாற்பது. நோட்டை மூடிவிட்டு, வந்ததுக்கு மெஷினை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக எழுந்த சர்வீஸ் இன்ஜினியரிடம் திரும்பி, அவர் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னாள்.